பொதுநிறுவனங்களும் பொருள்நிலையும்

மக்கள் நலங்கருதித் தோன்றும் சபைகளும் சங்கங்களும் கழகங்களும் பல. அவற்றுள் தோற்றுவித்தோர் காலத்தைக் கடந்து நிலைபெறுவன சில. தொடக்கவிழாவன்று எழும் ஆர்வம் ஆண்டுகள் சில செல்லத் தணிவதும், கணக்கேட்டிற் கடன் ஏறுவதும், ஈற்றிற் பெயர்ப்பலகை மாத்திரம் எஞ்சுவதும் எந்நாட்டிலும் காணப்படும் நிகழ்ச்சிகளாம். இவையெல்லாம் நோக்கத்தின் குறைவால் அழிந்தன என்று கூறுதல் பொருந்தாது. நோக்கம் உயர்ந்ததாயிருக்கவும் பொருள்நிலை தளர்ந்தமையால் வீழ்ந்தவை அவற்றுட் பல. ஆதலின், இலாபங் கருதாத ஒரு சிறு நிறுவனத்தின் பொருள்நிலையை எவ்வாறு அளந்தறிவது என்னும் வினா கணக்காளர்க்கு மாத்திரம் உரியதன்று. அத்தகைய நிறுவனங்களில் உறுப்பினராயும் நிருவாகிகளாயும் இருப்போர் அனைவர்க்கும் உரியதாகும்.

வணிகநிலையத்திற்கும் இத்தகைய நிறுவனத்திற்கும் உள்ள அடிப்படை வேற்றுமை முதலில் உணரப்படல் வேண்டும். கடையிற் பண்டம் பெறுபவனே அதன் விலையையும் கொடுக்கின்றான். பண்டம் நன்றாயின் வாங்குவோர் பெருகுவர். வாங்குவோர் பெருக வருவாயும் பெருகும். இலாபங் கருதாத நிறுவனத்திலோ பயன்பெறுவோர் ஒருவர், பொருள் கொடுப்போர் வேறொருவர். நூல்நிலையத்திற் படிக்கும் மாணவன் நூலின் விலையைக் கொடுப்பதில்லை. இலவச வைத்தியசாலையில் மருந்து பெறும் நோயாளி வைத்தியரின் வேதனத்தைக் கொடுப்பதில்லை. பயன்பெறுவோர் தொகை இருமடங்காயின் செலவு உயருமேயன்றி வருவாய் தானே உயர்வதில்லை. தொண்டு சிறக்கச் சிறக்க நிறுவனம் வறியதாதலுங் கூடும். இம்முரண்பாடே இத்தகைய நிறுவனங்களின் பொருளியலுக்கு அடிப்படை.

இதனை விளக்குதற்கு, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறுடைய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வது தகும். இலண்டன் மாநகரில் அல்பெமால் வீதியிலுள்ள றோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் அரச விஞ்ஞான நிறுவனம் அத்தகையது. டேவி, பரடே முதலாய பேரறிஞர் அங்கிருந்தே ஆராய்ச்சி நிகழ்த்தினர் என்பது விஞ்ஞானம் பயில்வோர் அறிந்தது. அந்நிறுவனம் தோன்றிய நாள் முதலாகப் பலமுறை பொருளின்றித் தளர்ந்து மீண்டது என்பதோ பலர் அறியாதது. பெயரில் 'அரச' என்னும் சொல் இருப்பினும் அஃது அரசாங்கத் திணைக்களமன்று. 1800இல் மன்னரின் பட்டயம் பெற்றதாயினும், உறுப்பினர் சந்தாவையும் கொடைகளையும் நம்பி வளர்ந்த தனிக்கழகமே அது.

1799 மார்ச்சு 7ஆந் திகதி, சேர் யோசேப்பு பாங்ஸ் என்பாரின் இல்லத்தில் அதன் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. முன்னின்று உழைத்தவர் றம்போர்ட் பிரபு. விஞ்ஞான அறிவையும் புதிய பொறிகளையும் அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படுத்தும் முறைகளைப் பரப்புதலே நோக்கம். 'உரிமையாளர்' என்னும் பெயரால் ஆளுக்கு 50 கினி வீதம் கொடுத்தோர் தொடக்க மூலதனத்தை அளித்தனர். அவரையன்றி ஆயுட் சந்தாதாரரும் ஆண்டுச் சந்தாதாரரும் இருந்தனர். திரண்ட பணத்தைக் கொண்டு அல்பெமால் வீதியில் வீடு வாங்கப்பட்டது. விரிவுரை மண்டபமும் ஆய்வுகூடமும் எழுந்தன. பார்ப்போர்க்கு எல்லாம் செழிப்பாகவே தோன்றின.

இத்தோற்றத்துள் ஒரு பிழை மறைந்திருந்தது. உரிமையாளர் ஒருவர் கொடுத்த 50 கினி ஒருமுறை மாத்திரமே வருவது. பேராசிரியர் வேதனமும், விளக்கும், நிலக்கரியும், ஆய்வுகூடப் பொருள்களும் ஆண்டுதோறும் வேண்டப்படுவன. ஒருமுறை வரும் பணத்தைக் கொண்டு ஆண்டுதோறும் நிகழும் செலவைத் தாங்கும் நிறுவனம், மழைநீரை நம்பிக் கோடைப்பயிர் விதைத்தவனை ஒக்கும். புதிய உரிமையாளர் வருகை குறைந்தவுடன் வருவாய் சுருங்கியது, செலவு சுருங்கவில்லை. 1802இல் றம்போர்ட் பிரபுவும் இங்கிலாந்தை விட்டகன்று பாரிசு நகரத்தில் வாழத் தலைப்பட்டார். தோன்றி நான்காண்டுகள் நிறைவதற்குள் நிறுவனத்தின் எதிர்காலமே ஐயத்துக்குள்ளாயிற்று.

அந்நிலையில் அதனைக் காத்தவர் அம்ப்றி டேவி. 1801இல், தமது 22ஆம் வயதில், அவர் அங்கு விரிவுரையாளராய்ச் சேர்ந்தார். அவருடைய இரசாயன விரிவுரைகளையும் செய்துகாட்டிய பரிசோதனைகளையும் காண இலண்டனின் செல்வர் குடும்பத்து ஆடவரும் பெண்டிரும் திரண்டனர். வண்டிகளின் நெருக்கத்தால் அல்பெமால் வீதியில் ஒரு திசையிலேயே வண்டிகள் செல்லவேண்டும் என்னும் ஒழுங்கு செய்யப்பட்டது என்பர். கேட்க வந்தோர் சந்தாதாரராயினர். 1803 முதலாக விவசாய இரசாயனம் பற்றி டேவி விரிவுரை நிகழ்த்த, விவசாய சபையாரும் பொருள் கொடுத்தனர். 1807இற் பொற்றாசியமும் சோடியமும், 1808இற் கல்சியம் முதலாய மூலகங்களும் அவ்வாய்வுகூடத்திற் பிரித்தெடுக்கப்பட்டன. பெரிய மின்கலவடுக்கு வேண்டுமென 1808இல் அவர் விடுத்த வேண்டுகோளுக்கிணங்க உறுப்பினர் தனிநிதி திரட்டினர். 2000 இணைத் தகடுகள் கொண்ட கலவடுக்கு அந்நிதியால் உருவாயிற்று.

ஒரு மனிதனின் புகழால் வரும் வருவாய் எத்துணைப் பெரிதாயினும் நிலையானதன்று. 1812இல் டேவி வீரப்பட்டம் பெற்றுச் செல்வவதி ஒருவரை மணந்து வழக்கமான விரிவுரைகளைக் கைவிட்டார். எனினும் நிறுவனம் உடனே வீழ்ந்துவிடவில்லை. அதற்கு முன் நிகழ்ந்த சீர்திருத்தம் ஒன்று அதற்குத் துணைசெய்தது. 1810இற் பாராளுமன்றச் சட்டமொன்றினால் 'உரிமையாளர்' முறை ஒழிக்கப்பட்டு உறுப்பினர் முறை நிலைநாட்டப்பட்டது. பங்கு வைத்திருப்போரின் உடைமை என்னும் நிலை மாறி, பொதுநோக்கத்திற்கென உறுப்பினர் கூடி நடத்தும் கழகம் என்னும் நிலை ஏற்பட்டது. ஒருமுறை கொடுத்துவிட்டு உரிமை கொண்டாடுவோரினும், ஆண்டுதோறும் சிறிது கொடுத்துத் தொடர்ந்து ஈடுபடுவோரே இத்தகைய நிறுவனத்திற்குப் பலமாவர்.

1813இல் டேவியின் உதவியாளராய் அங்கு சேர்ந்தவர் புத்தகங் கட்டும் தொழிலாளியாயிருந்த மைக்கேல் பரடே. அவருக்குக் கொடுக்கப்பட்டது கிழமைக்கு 25 சிலிங்கும் மேன்மாடத்தில் இரு அறைகளுமே. 1825 அளவில் ஆய்வுகூடத்தின் பணிப்பாளரான அவர், உறுப்பினர்க்கு வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடக்கினார். இளைஞர்க்குரிய நத்தார்க்கால விரிவுரைகளும் 1825இலேயே ஆரம்பமாயின. இவை இரண்டும் இன்றுவரை தொடர்கின்றன. சந்தாதாரர்க்கு ஆண்டுமுழுதும் பயனளித்து, அவர் விலகாதவாறு காக்கும் பணி இவற்றால் நிறைவேறியது. ஒருவர் நாவன்மையில் மாத்திரம் தங்கியிருந்த வருவாய், ஓர் ஒழுங்கில் தங்கும் வருவாயாக மாறத் தொடங்கிற்று. பேசுவோர் மாறினும் ஒழுங்கு மாறவில்லை.

ஆயினும் வறுமை அகலவில்லை. 1831 ஆகத்து 29ஆந் திகதி பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்று உலகமெங்கும் மின்னிலையங்களிற் சுழலும் பிறப்பாக்கிகள் அக்கண்டுபிடிப்பின் வழிவந்தவை. அடுத்த ஆண்டாகிய 1832இலோ, நிறுவனத்தின் செலவுகளைக் குறைக்க வழியுண்டா என ஆராய்தற்குக் குழுவொன்று அமைக்கப்பட்டது. பரடேயின் நிலையான வேதனம் ஆண்டுக்கு 100 பவுண். அதனோடு இருப்பிடமும் நிலக்கரியும் மெழுகுதிரியும். இதிற் குறைத்தற்கு எதுவுமில்லை என்றே அக்குழு முடிவுசெய்தது. உலகின் தொழின்முறையையே மாற்றவல்ல உண்மை ஒன்று வெளிப்பட்ட கட்டடத்தில், மெழுகுதிரிச் செலவு எண்ணிப் பார்க்கப்பட்டது.

பயனுக்கும் வருவாய்க்கும் உள்ள இடைவெளியை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. மின்காந்தத் தூண்டலால் விளைந்த செல்வத்தில் ஒரு பங்கும் நிறுவனத்திற்கு வரவில்லை. பிற்காலத்து, 1892 அளவில் அங்கு சேர் யேம்சு டுவார் தாழ்வெப்ப ஆராய்ச்சிக்கென வெற்றிடக் குடுவையை அமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெற்றாரல்லர். சூடு மாறாது பானங்களை வைக்கும் தேமஸ் குடுவையாக அதனை விற்று இலாபமீட்டியவர் வேறு நாட்டு வணிகர். அறிவை யாவர்க்கும் பொதுவாக்குதலே நோக்கமாகவுடைய நிறுவனம், அந்நோக்கம் நிறைவேறும் அளவிற்குத் தன் வருவாயை இழக்கின்றது. இதனைக் குறையென்று கொள்ளுதல் கூடாது. ஆனால் அவ்விழப்பை ஈடுசெய்யும் வழி முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

அவ்வழிகளுள் ஒன்று 1833இல் திறந்தது. யோன் புல்லர் என்னும் செல்வர், இரசாயனப் பேராசிரியர் பதவி ஒன்றுக்கென மூலதனம் ஒதுக்கினார்; ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 பவுண் அதன் வட்டியாகக் கிடைத்தது. பரடே அப்பதவியின் முதற் பேராசிரியரானார். உடற்றொழிலியலுக்கும் அவ்வாறே ஒரு பதவி ஏற்பட்டது. இக்கொடையின் சிறப்பு அதன் தொகையில் இல்லை. அதன் அமைப்பிலேயே உள்ளது. முதலைத் தொடாது வட்டியை மாத்திரம் செலவிடும்போது, கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை மறைவதில்லை. எனினும் இரண்டு உண்மைகள் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கன. புல்லர் குடும்பத்துச் செல்வத்தில் ஒரு பகுதி யமேக்கா நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் வந்தது. அடிமைமுறையைப் பாராளுமன்றத்தில் ஆதரித்துப் பேசியவரும் அவரே. கொடையின் அளவைப் போல அதன் ஊற்றும் வினாவுக்குரியது என்பது ஓர் உண்மை. மற்றையது, நிலையான வட்டியின் பெறுமதி நிலையானதன்று என்பது. பொருள்களின் விலை ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறுமாயின், ஏறத்தாழ 14 ஆண்டுகளிற் பணத்தின் வாங்குந்திறன் பாதியாகும். வட்டி முழுவதையும் செலவிட்டு முதலைப் பெருக்காத மூலதனம், ஏட்டிற் குறையாமலே உண்மையிற் குறைந்துவிடும்.

1896இல் இரசாயனத் தொழிலதிபர் லுட்விக் மொண்ட் அயலிலிருந்த வீட்டை வாங்கி, டேவி-பரடே ஆய்வுகூடத்தை அமைத்துக் கொடுத்தார். அதனை நடத்துதற்கான மூலதனத்தையும் அவர் கூடவே அளித்தமை குறிப்பிடத்தக்கது. கட்டடத்தை மாத்திரம் கொடுப்பவர், கூரை பழுதுபார்க்கும் செலவையும் காவலாளியின் வேதனத்தையும் என்றென்றைக்கும் பெறுபவர் தலையில் ஏற்றிவிடுகின்றார். கட்டடத்தோடு அதனைப் பேணும் வழியையும் கொடுப்பவரே முழுக்கொடையாளர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிறுவனம் மீண்டும் தளர்ந்தது. 1952இல் எழுந்த உட்பூசலின் பின், 1954இற் பொறுப்பேற்ற சேர் லோறன்ஸ் பிராக், அதன் பொருள்நிலை நலிந்திருக்கக் கண்டார். தொழில் நிறுவனங்களை ஆண்டுச் சந்தாதாரராகச் சேர்த்தல் அவர் கைக்கொண்ட வழி. வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவின் பின், உதவக்கூடிய அன்பர்களை விருந்துக்கு அழைத்து நிறுவனத்தின் பணியை உணர்த்தினார். பாடசாலை மாணவர்க்கென விரிவுரைகளையும் அவர் தொடக்கினார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சிறுவர் பரிசோதனைகளை நேரிற் கண்டனர். பொருள் தேடும் முயற்சியும் நோக்கத்தை விரிக்கும் முயற்சியும் ஒன்றாகவே நடைபெற்றன. கொடுப்போர்க்கும் பயன்பெறுவோர்க்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்புதலே நிருவாகத்தின் தலையாய தொழில் என்பதற்குப் பிராக்கின் பணி நல்ல சான்று.

இத்துணை அனுபவமும் இருந்த நிறுவனமே இருபத்தோராம் நூற்றாண்டில் தன் வரலாற்றின் கொடிய நெருக்கடிகளுள் ஒன்றை எய்தியது. பழைய கட்டடத்தை 2 கோடி 20 இலட்சம் பவுண் செலவிற் புதுக்கி, உணவகமும் அருந்தகமும் சேர்த்து, 2008இல் அரசியார் முன்னிலையிற் கோலாகலமாகத் திறந்தனர். அவ்வாண்டிலேயே உலகப் பொருளாதாரம் வீழ்ந்தது. எதிர்பார்த்த வருவாய் வரவில்லை, கடன் எஞ்சியது. 2010இற் பணிப்பாளர் பதவியே நீக்கப்பட்டது. 2013 சனவரியில், ஏறத்தாழ 70 இலட்சம் பவுண் கடனைத் தீர்த்தற்காக அல்பெமால் வீதிக் கட்டடத்தையே விற்றல் பற்றி நிருவாகிகள் ஆராய்கின்றனர் என்னும் செய்தி வெளிவந்தது. பரடே நின்று பேசிய மண்டபம் கைமாறும் என்றறிந்த அறிஞர் பலர் கண்டனக் குரல் எழுப்பினர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 44 இலட்சம் பவுண் கொடுக்க, வங்கிக்கடன் தீர்ந்து கட்டடம் தப்பியது.

இந்நெருக்கடியின்போது நிறுவனம் வறியதா, செல்வமுடையதா? ஐந்தொகையைப் பார்ப்பவர்க்கு அது செல்வமுடையதே. இலண்டனின் விலையுயர்ந்த பகுதியில் அமைந்த கட்டடம் அதற்கு இருந்தது. ஆயின் கட்டடத்தைக் கொண்டு ஊழியர்க்கு மாதவேதனம் கொடுத்தல் இயலாது. விற்றாலன்றிப் பணமாகாத சொத்து, விற்கவொண்ணாத சொத்தாயும் இருக்குமாயின், அதனை ஆபத்துக்கு உதவும் நிதியென எண்ணுதல் தவறு. மேலும், கட்டடம் புதுமையும் பெருமையும் அடைய, அதனைப் பேணும் ஆண்டுச் செலவும் உயரும். ஒரு நிறுவனம் மிகுந்த ஆபத்துக்குள்ளாவது வறுமைக் காலத்திலன்று. விரிவடையும் காலத்திலேயே என்னும் உண்மையை 1799உம் 2008உம் ஒருங்கே காட்டுகின்றன.

இவ்வுண்மைக்கு இந்தியாவிலும் ஒரு சான்றுண்டு. இலண்டன் நிறுவனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வைத்தியர் மகேந்திரலால் சர்க்கார் 1876இற் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். கட்டடத்திற்கும் விரிவுரை மண்டபத்திற்கும் ஆய்வுகூடத்திற்கும் கொடையாளர் உதவினர். முழுநேரப் பேராசிரியரை அமர்த்துதற்கேற்ற மூலதனமோ, 1904இற் சர்க்கார் கண்மூடும்வரை திரளவில்லை. 1907இல் இந்திய அரசின் கணக்குத் திணைக்கள அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த தமிழர் சி. வி. இராமன், அலுவலகத்திற்குச் செல்லுமுன்னும் மீண்ட பின்னும் அவ்வாய்வுகூடத்திலிருந்து ஆராய்ச்சி செய்தார். தாரக்நாத் பாலித் என்பார் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த கொடையால் ஏற்பட்ட பேராசிரியர் பதவியே, 1917இல் அவரைக் கணக்கேட்டினின்றும் விடுவித்து முழுநேர விஞ்ஞானியாக்கியது. 1928இல் அக்கழகத்து ஆய்வுகூடத்திலேயே இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு வந்தது. ஆய்வுகூடம் ஓரிடத்தும் அறிஞனைத் தாங்கும் மூலதனம் பிறிதோரிடத்துமாக அமைந்து, இரண்டும் கூடியபோதே பயன் விளைந்தது.

இவ்வரலாறுகளால் ஒரு நிறுவனத்தின் பொருள்நிலையை அளத்தற்குரிய வினாக்கள் சில பெறப்படுகின்றன. முதலாவது, ஆண்டுதோறும் நிச்சயமாக வரும் வருவாய், ஆண்டுதோறும் தவிராது நிகழும் செலவை ஈடுசெய்கின்றதா என்பது. விழாக்காலக் கொடை, சொத்து விற்ற பணம் போன்ற ஒருமுறை வரவுகளை நீக்கியே இக்கணக்குப் பார்க்கப்படல் வேண்டும். மிகைகாட்டும் அறிக்கைகள் பல இச்சோதனையிற் குறைகாட்டும். இரண்டாவது, வருவாயின் பெரும்பகுதி ஒருவரையோ ஓரிடத்தையோ சார்ந்துளதா என்பது. டேவி போன்ற ஒருவர் விலகினும், பெருங்கொடையாளர் ஒருவர் மறைந்தாலும் எஞ்சுவது என்ன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, கையிலுள்ள பணத்தில் எவ்வளவு தடையின்றிச் செலவிடக்கூடியது என்பது. மின்கலவடுக்குக்கெனத் திரட்டிய நிதியைக் கொண்டு கூரை வேய்தல் முறையன்று. குறித்த பணிக்கென வந்த பணம் அப்பணிக்கே உரியது. அதனைப் பொதுச்செலவுக்கு எடுத்தாளுதல், கடன்படுதலினும் இழிந்தது. ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா செலவிடும் சங்கமொன்றின் கையில் 10 இலட்சம் ரூபா இருப்பதாகக் கொள்க. அதில் 7 இலட்சம் குறித்த பணிகளுக்கு உரியதாயின், ஒதுக்கநிதி 3 இலட்சமே. வருவாய் நின்றால் அச்சங்கம் மூன்று மாதங்களே உயிர்வாழும். நான்காவது, கட்டடத்தினதும் கருவிகளினதும் பெறுமானத்தேய்வுக்கு ஆண்டுதோறும் ஏதேனும் ஒதுக்கப்படுகின்றதா என்பது. இவ்வொதுக்கீட்டை விட்டுவிட்டு மிகைகாட்டும் தனாதிகாரி, வருங்காலத்தவரிடம் அவர் அறியாமலே கடன் வாங்குகின்றார்.

இவ்வினாக்களை ஓராண்டுக் கணக்கை மாத்திரம் நோக்கிக் கேட்பதாற் பயனில்லை. ஒருநாட் காய்ச்சல் உடலின் நிலையை உணர்த்தாதவாறு போல, ஓராண்டின் மிகையோ குறையோ நிறுவனத்தின் நிலையை உணர்த்தாது. ஐந்தாண்டு, பத்தாண்டுக் கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்குமிடத்தே, வருவாயும் செலவும் செல்லும் திசை புலனாகும். வருடாந்தப் பொதுக்கூட்டத்திற் கணக்கறிக்கை வாசிக்கப்படும்பொழுது கேளாதிருந்து, ஏகமனதாக ஏற்றுக் கலையும் உறுப்பினர், தம் கடமையில் தவறியவரே ஆவர். தனாதிகாரியை ஐயுறுதல் வேறு. அவரிடம் வினாவுதல் வேறு. நேர்மையான தனாதிகாரிக்கு வினாக்கள் துணையேயன்றித் தடையல்ல.

அல்பெமால் வீதி நிறுவனத்தை இருநூறு ஆண்டுகள் வாழவைத்தது பெருஞ்செல்வமன்று. தளர்ந்த ஒவ்வொரு காலத்தும் அதன் வருவாயின் அமைப்பை மாற்றியமைத்தோர் இருந்தனர். உரிமையாளர் முறையை உறுப்பினர் முறையாக்கியோரும், சொற்பொழிவுகளை ஒழுங்காக்கிய பரடேயும், சந்தாதாரர் வட்டத்தை விரித்த பிராக்கும் அத்தகையோர். அவ்வாறு மாற்றியமைக்காது கட்டடத்தை மாத்திரம் விரித்த காலத்தில், பெயரறியாத ஒருவரின் கருணையே அதனைக் காக்கவேண்டியதாயிற்று. அத்தகைய கருணை ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வாய்க்கும் என்பது துணிபன்று. ஆண்டுதோறும் தவறாது செலுத்தப்படும் சிறு சந்தாவும், ஆண்டுதோறும் தவறாது கேட்கப்படும் கணக்குமே எந்நிறுவனத்திற்கும் எளிதிற் கைகூடும் காவலாம்.